தொலைபேசித் தொழிலாளி, பந்தாட்டக்காரர், செனட்டர்: லைபீரியாவின் ஜார்ஜ் வெயா

கிதிர்ப்பூர் துறைமுகப் பக்கம் போய் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரிய சரக்குக் கப்பல்கள் பலவற்றின் பின்புறத்தில், பெயருக்குக் கீழே 'மன்ரோவியா' என்று எழுதியிருக்கும். கப்பலின் முதலாளி கிரேக்கராகவோ ஜெர்மானியராகவோ இருப்பார். மாலுமிகளில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்களாகவும் நம்மவர்களாகவும் இருப்பார்கள். ஆனால் கப்பல் பதிவானது மட்டும் லைபீரியாவில். குறைந்த வரியும் எளிய விதிகளும் தந்து, 1948 முதல் உலகக் கப்பல்களுக்குத் தன் கொடியை வாடகைக்கு விட்டுவரும் சிறிய மேற்கு ஆப்பிரிக்க நாடு அது. மன்ரோவியா அதன் தலைநகரம்.

அந்த ஊரின் சேரியில் பிறந்து, உலகின் தலைசிறந்த கால்பந்து வீரராகி, நாட்டின் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கடைசியில் குடியரசுத் தலைவராகவும் ஆகி, தேர்தலில் தோற்றபோது அமைதியாக வீட்டுக்குப் போன ஒருவரைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் ஜார்ஜ் மன்னே வெயா. கால்பந்தைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடும் கொல்கத்தாவில் வாழும் நமக்கு அவரது ஆட்டம் தெரிந்திருக்கும். ஆட்டத்துக்குப் பிறகு நடந்த கதை அவ்வளவாகத் தெரிந்திருக்காது.

அடிமைகள் திரும்பி வந்த நாடு

முதலில் நாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவதற்காக அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் என்ற அமைப்பு தோன்றியது. 1822 முதல் அவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தக் கடற்கரையில் வந்து இறங்கினர். அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோவின் பெயரால் அமைந்ததே மன்ரோவியா. 1847 ஜூலை 26 அன்று லைபீரியா சுதந்திரக் குடியரசாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. கொடியும் அமெரிக்கக் கொடியைப் போன்றதே. கோடுகள் பதினொன்று, நட்சத்திரம் ஒன்றே ஒன்று. அதனால்தான் அந்நாட்டுக் கால்பந்து அணிக்கு 'ஒற்றை நட்சத்திரம்' என்று பெயர்.

ஆட்சி முறையும் அமெரிக்காவைப் பார்த்து அமைத்ததுதான். பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவைகள். 15 மாவட்டங்களுக்கும் தலா 2 பேராக செனட்டில் 30 உறுப்பினர்கள்; பதவிக்காலம் 9 ஆண்டுகள். நம் மாநிலங்களவை உறுப்பினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே செனட்டரை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது முக்கிய வேறுபாடு.

அமைப்பு அழகாக இருந்தாலும் அதிகாரம் முழுவதும் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியிடமே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கிவிட்டது. மண்ணின் பூர்வகுடிகள் ஒதுங்கியே நின்றார்கள். அந்தப் புழுக்கம் 1980 ஏப்ரல் 12 அன்று வெடித்தது. சாமுவேல் டோ என்ற ராணுவ சார்ஜெண்ட் ஆட்சியைப் பிடித்தார். குடியரசுத் தலைவர் டால்பர்ட் கொல்லப்பட்டார். 1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லரின் படை எல்லையைத் தாண்டி உள்ளே நுழைந்தது. அன்று தொடங்கிய உள்நாட்டுப் போர், இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்து, 2003 வரை நீடித்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கு. சிறுவர்களின் கையில் துப்பாக்கி கொடுத்த போர் அது.

சுவிட்ச்போர்டு முன் ஒரு வீரர்

வெயா 1966 அக்டோபர் 1 அன்று மன்ரோவியாவில் பிறந்தார். கடலோடிகளாகப் பெயர் பெற்ற க்ரு இனத்தைச் சேர்ந்தவர். கிளாரா டவுன் என்ற சேரிப்பகுதியில் பாட்டி எம்மாதான் அவரை வளர்த்தார். உள்ளூர் அணிகளில் விளையாடிக்கொண்டே நாட்டின் தொலைத்தொடர்புக் கழகத்தில் சுவிட்ச்போர்டு டெக்னீஷியனாக வேலை பார்த்தார்.

இது நமக்குப் புதிதல்ல. விளையாட்டு வீரருக்குச் சோறு போட ஒரு வேலை, வேலைக்கு நடுவே ஆட்டம் என்பது நம் ஊர் வழக்கமும்தான். 1958-ல் கொல்கத்தா லீக் பட்டத்தை மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் விடாமல் வென்றது ஈஸ்டர்ன் ரயில்வே அணி. அதில் ஆடிய பி.கே. பானர்ஜி ரயில்வே ஊழியர்; 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். பழைய சுவிட்ச்போர்டு வேலை பொறுமைக்குப் பெயர் போனது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தேடிப் பிடித்து, இரண்டு பேரைப் பேச வைத்துவிட்டு நாம் விலகிக்கொள்ள வேண்டும்.

ஐவரி கோஸ்ட்டிலும் பிறகு கேமரூனிலும் ஆடியபோது, கேமரூன் தேசிய அணியின் பயிற்சியாளர் கிளாட் லெ ராய் கண்ணில் வெயா பட்டார். அவர் சொல்லி, 1988-ல் மொனாக்கோ அணிக்கு அவரை அழைத்துக்கொண்டவர் ஆர்சன் வெங்கர். அதன் பிறகு ஏறுமுகம்தான். மொனாக்கோவுடன் 1991-ல் பிரெஞ்சுக் கோப்பை, பாரிஸ் அணியுடன் 1994-ல் பிரெஞ்சு லீக், இத்தாலியின் ஏ.சி. மிலான் அணியுடன் 1996, 1999 ஆகிய ஆண்டுகளில் இத்தாலிய லீக் பட்டம் என வரிசையாக வெற்றிகள்.

1995-ல் ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதும், ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தன. தங்கப் பந்து விருது அதுவரை ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மற்றவர்களுக்கும் கதவு திறந்த முதல் ஆண்டிலேயே அதை வென்றார். அவருக்குப் பிறகு எத்தனையோ ஆப்பிரிக்க வீரர்கள் வந்தும் வேறு யாரும் அதை வென்றதில்லை. ஃபிஃபா விருது விழாவில் வெங்கரை மேடைக்கு அழைத்து விருதை அவர் கையில் கொடுத்தது வெயாவின் நன்றியுணர்வுக்குச் சான்று.

1996 செப்டம்பரில் வெரோனா அணிக்கு எதிராக அவர் போட்ட கோலை இன்றும் பேசுகிறார்கள். தன் கோல் கம்பத்தின் அருகே பந்தை வாங்கி, மைதானத்தின் நீளம் முழுவதும் ஓடி, வழியில் வந்தவர்களையெல்லாம் தாண்டி எதிர்க் கோலில் செலுத்தினார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆண்டு நவம்பரில், போர்ட்டோ அணியின் ஜார்ஜ் கோஸ்டாவை ஆட்டம் முடிந்து வெளியேறும் வழியில் தலையால் முட்டி மூக்கை உடைத்தார். இனவெறியோடு திட்டியதாக வெயா சொன்னார், கோஸ்டா மறுத்தார். ஆறு ஆட்டங்களுக்கு வெயாவுக்குத் தடை விதிக்கப்பட்டது.

சொந்தக் காசில் தேசிய அணி

ஐரோப்பாவில் சம்பாதித்த வீரர்கள் பலர் ஊரை மறந்ததுண்டு. வெயா மறக்கவில்லை. போரில் நாசமான நாட்டின் கஜானாவில் கால்பந்துக்குப் பணம் ஏது? விமானச் சீட்டு, சீருடை, தங்குமிடம் என்று தேசிய அணியின் செலவில் பெரும்பகுதியை அவரே ஏற்றார். ஒரு கட்டத்தில் வீரர், பயிற்சியாளர், புரவலர் என மூன்று வேலையையும் அவரே பார்த்தார். 1996-ல் லைபீரியா முதல் முறையாக ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 2002 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நைஜீரியா 16 புள்ளி, லைபீரியா 15 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்புப் போயிற்று. உலகக் கோப்பையில் ஆடாமலே ஓய்வு பெற்ற மாபெரும் வீரர்களின் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது.

போருக்கு நடுவே அமைதி வேண்டிக் குரல் கொடுத்ததற்கும் விலை கொடுத்தார். ஐ.நா. தலையிட வேண்டும் என்று 1996-ல் பேசியதைத் தொடர்ந்து, மன்ரோவியாவில் இருந்த அவரது வீடு சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. பந்தாட்டக்காரர் அரசியலுக்கு வந்ததன் விதை இங்கேதான் இருக்கிறது.

'படிக்காதவன்' என்ற சொல்

போர் முடிந்து 2005-ல் தேர்தல் வந்தது. வெயா குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். எதிரில் நின்றவர் எல்லன் ஜான்சன் சர்லீஃப். ஹார்வர்டில் படித்தவர், உலக வங்கியில் பணியாற்றியவர். 1985-ல் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், தேர்தல் முறைகேடானது என்று சொல்லிப் பதவியேற்க மறுத்த உறுதிக்காரர். முதல் சுற்றில் வெயா 28 சதவீதம் பெற்று முதலிடம் வந்தார். சர்லீஃப் ஏறத்தாழ 20 சதவீதம். இரண்டாம் சுற்றிலோ சர்லீஃப் 59 சதவீதம் பெற்று வென்றார். ஆப்பிரிக்காவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர்.

அந்தத் தேர்தலில் வெயாமீது வீசப்பட்ட மிகப்பெரிய கல், அவருக்குப் படிப்பில்லை என்பது. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். கையில் இருந்த ஒரே பட்டமும் அங்கீகாரமில்லாத நிறுவனம் கொடுத்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவரது ஆதரவாளர்களோ வேறு கேள்வி கேட்டார்கள். பட்டம் பல பெற்றவர்கள்தானே இத்தனை நாள் ஆண்டு நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள்?

டிப்ளமோ படித்துவிட்டு வேலைக்கு வந்த என் போன்றவர்களுக்கு இந்த இடம் சற்றுச் சுருக்கென்று தைக்கும். டிகிரியா, டிப்ளமோவா என்ற கேள்வி எந்தத் தொழிலிலும் எப்போதாவது ஒரு நாள் முன்னால் வந்து நிற்கும். அப்போது செய்யக்கூடியவை இரண்டு. 'அனுபவம் போதும், ஏட்டுச் சுரைக்காய் எதற்கு' என்று மார்தட்டலாம். அல்லது புத்தகத்தைத் திறக்கலாம். வெயா இரண்டாவதைச் செய்தார். நாற்பது வயதை ஒட்டிப் பள்ளிப் படிப்பை முடித்தார். அமெரிக்காவில் தெவ்ரி பல்கலைக்கழகத்தில் 2011-ல் வணிக நிர்வாகத்தில் இளங்கலையும், 2013-ல் முதுகலையும் பெற்றார். உலகமே கைதட்டிய ஒருவர் மாணவர்களோடு வகுப்பில் உட்காருவது சாதாரணமல்ல.

2011 தேர்தலில் வின்ஸ்டன் டப்மேனுக்குத் துணையாக, துணைத் தலைவர் வேட்பாளராக நின்றார். முதல் சுற்றில் பின்தங்கியதும், முறைகேடு என்று சொல்லி அவரது கட்சி இரண்டாம் சுற்றைப் புறக்கணித்தது. அது நல்ல முன்மாதிரி என்று சொல்ல முடியாது.

எபோலாவுக்கு நடுவே செனட் தேர்தல்

2014-ல் செனட் தேர்தல் அக்டோபரில் நடப்பதாக இருந்தது. அதற்குள் எபோலா காய்ச்சல் நாட்டைக் கவ்வியது. லைபீரியாவில் மட்டும் 4,800 பேர் மாண்டார்கள். கூட்டம் கூடினால் நோய் பரவும் என்று தேர்தல் தள்ளிப்போனது. பிரசாரமே சிறிது காலம் நிறுத்தப்பட்டது. விழிப்புணர்வுக்காக வெயாவே ஒரு பாட்டுப் பதிவு செய்து வெளியிட்டார். கடைசியில் டிசம்பர் 20 அன்று, வாக்குச்சாவடி வாசலில் காய்ச்சல் பார்த்து, கை கழுவவைத்து, இடைவெளி விட்டு நிறுத்தி மக்களை வாக்களிக்க விட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு நமக்கு இதெல்லாம் பழகிப்போனது. அவர்கள் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே பார்த்துவிட்டார்கள்.

மன்ரோவியா அடங்கிய மான்ட்செராடோ மாவட்டத்தில் வெயா நின்றார். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் குடியரசுத் தலைவர் சர்லீஃபின் மகன் ராபர்ட் சர்லீஃப். வெயா 78 சதவீத வாக்குகளை அள்ளினார். பெரிய இடத்துப் பிள்ளைக்கு மக்கள் கொடுத்த பதில் அது.

செனட்டர் என்ற முறையில் அவர் பெரிதாகச் சாதித்தார் என்று சொல்வதற்கில்லை. அவைக்கு வருவது குறைவு, பேசுவது அதைவிடக் குறைவு என்று எதிர்ப்பாளர்கள் குறை கூறினர். ஆனால் அந்த அவையில் உடன் இருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990-ல் சாமுவேல் டோவைப் பிடித்துச் சித்திரவதை செய்த படையின் தலைவர் பிரின்ஸ் ஜான்சன், நிம்பா மாவட்டத்தின் செனட்டர். 2005-ல் தேர்ந்தெடுக்கப்பட்டு 2024 நவம்பரில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். சார்லஸ் டெய்லரின் முன்னாள் மனைவி ஜூவல் டெய்லர், பாங் மாவட்டத்தின் செனட்டர். போர் நடத்தியவர்களும் போரில் வீடு இழந்தவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சட்டம் இயற்றினார்கள். இதை மன்னிப்பு என்பதா, மறதி என்பதா? அந்நாட்டு மக்களே இன்னும் முடிவு செய்யவில்லை.

2017 குடியரசுத் தலைவர் தேர்தலில் வெயா ஜூவல் டெய்லரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் சுற்றில் பிரின்ஸ் ஜான்சனும் ஆதரவு தந்தார். டிசம்பர் 26 அன்று நடந்த அந்தச் சுற்றில் துணைத் தலைவராக இருந்த ஜோசஃப் பொவாக்காயை 61.5 சதவீத வாக்குகளோடு தோற்கடித்தார். 2018 ஜனவரி 22 அன்று பதவியேற்பு நடந்த இடம் கால்பந்து மைதானம்.

ஆட்சியின் வரவு செலவு

பதவியேற்ற சில நாட்களில் நாட்டு மக்களிடம் பேசிய வெயா, தன் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தார். கறுப்பினத்தவர் மட்டுமே குடிமகனாகலாம் என்ற அரசியல் சட்ட விதி தேவையற்றது, இனவாதமானது என்றும் துணிந்து சொன்னார். அங்கே தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் லெபனான்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் இது நேரடியாகத் தொடர்புள்ள பேச்சு. எதிர்ப்பு பலமாக இருந்தது; அந்த விதி மாறவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணத்தை ரத்து செய்தார். படிப்பில்லாதவர் என்று ஏளனம் செய்யப்பட்டவர் இதைச் செய்தது பாராட்டத்தக்கது.

செலவுப் பக்கமும் பெரிது. விலைவாசி ஏறியது. 2019 ஜூன் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மன்ரோவியா வீதிகளில் திரண்டனர். அடுத்த மாதமே, அவருக்கு 78 சதவீதம் அளித்த அதே மாவட்டத்தில், செனட் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார். 2022 ஆகஸ்டில் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்கா அவரது உயர் அதிகாரிகள் மூவர்மீது தடை விதித்தது. அவர்கள் பதவி விலகினர். அதே ஆண்டின் இறுதியில் வெயா ஒரு மாதத்துக்கும் மேலாக வெளிநாட்டில் இருந்தார். அதன் ஒரு பகுதி கத்தார் உலகக் கோப்பையைக் காண. அமெரிக்க அணிக்காக ஆடிய மகன் டிமதி அங்கே வேல்ஸுக்கு எதிராக கோல் அடித்தார். தந்தைக்குக் கிட்டாத உலகக் கோப்பை மகனுக்குக் கிட்டியது. தகப்பனின் மகிழ்ச்சி நமக்குப் புரிகிறது. ஆனால் ஊரில் அரிசி விலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரியவில்லை.

போர்க் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தையும் அவர் அமைக்கவில்லை. அதற்கான அலுவலகத்தை ஏற்படுத்தும் ஆணையில் 2024-ல் கையெழுத்திட்டவர் அடுத்து வந்தவரே.

நம் நாட்டுப் பெண்கள்

இந்தக் கதையில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 2007 ஜனவரியில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண்கள் பிரிவு ஒன்று ஐ.நா. அமைதிப் பணிக்காக மன்ரோவியா போய் இறங்கியது. முழுவதும் பெண்களைக் கொண்ட ஐ.நா. போலீஸ் பிரிவு உலகில் அதுவே முதல். அணி மாறி அணி என்று 2016 வரை நம் பெண்கள் அங்கே காவல் காத்தார்கள். குடியரசுத் தலைவர் அலுவலகப் பாதுகாப்பும் அவர்களிடமே இருந்தது. வெயா செனட்டரான 2014 தேர்தலின்போதும் அவர்கள் அந்த ஊரில்தான் இருந்தார்கள். 2012-ம் ஆண்டுக்கான இந்திரா காந்தி அமைதிப் பரிசும் சர்லீஃபுக்கு வழங்கப்பட்டது.

அந்த ஒரு மாலை

2023 நவம்பர் 14 அன்று வெயாவும் பொவாக்காயும் மீண்டும் இரண்டாம் சுற்றில் மோதினார்கள். இம்முறை பிரின்ஸ் ஜான்சன் எதிர்ப்பக்கம். பொவாக்காய் 50.64 சதவீதம், வெயா 49.36 சதவீதம். வித்தியாசம் சுமார் 20,000 வாக்குகள்.

அண்டை அயலில் நிலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். மாலியில் 2020-லும் 2021-லும், கினியில் 2021-ல், புர்கினா ஃபாசோவில் 2022-ல் இருமுறை, நைஜரில் 2023 ஜூலையில் என்று ராணுவம் வரிசையாக ஆட்சியைப் பிடித்திருந்தது. பதவியில் இருப்பவர், படையும் காவலும் கையில் இருப்பவர், நூலிழையில் தோற்றிருக்கிறார். வழக்குப் போடலாம், மறு எண்ணிக்கை கேட்கலாம், கட்சிக்காரர்களைத் தெருவில் இறக்கலாம். ரத்தம் பார்த்த நாட்டில் தீ பற்ற ஒரு பொறி போதும்.

நவம்பர் 17 மாலை, அதிகாரபூர்வ முடிவு வரும் முன்பே, வெயா பொவாக்காயுடன் தொலைபேசியில் பேசி வாழ்த்துச் சொன்னார். பிறகு வானொலியில் பேசி, கட்சி தோற்றது, நாடு வென்றது என்ற பொருளில் தோல்வியை ஏற்றுக்கொண்டார். 2024 ஜனவரியில் பதவி கை மாறியது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சுவிட்ச்போர்டில் தொடங்கியவர் வாழ்நாளில் செய்த தொலைபேசி அழைப்புகளிலேயே முக்கியமானது அதுவாகத்தான் இருக்கும்.

செனட்டர் வெயா சுமார்; குடியரசுத் தலைவர் வெயா குறைகள் நிறைந்தவர். கால்பந்தில் அவர் அடித்த கோல்களைவிட அந்த ஒரு மாலைக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஆட்டம் முடிந்து நடுவர் விசில் ஊதினால் மைதானத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்பதை அவர் பந்தாட்டத்தில் கற்றிருந்தார். பட்டப்படிப்பு அதைச் சொல்லித் தருவதில்லை.

இது பெரிய பதவிகளுக்கு மட்டும் உரிய பாடமல்ல. வெளி மாநிலங்களில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கங்களிலும் தேர்தல்கள் நடக்கின்றன. தோற்றவர் அடுத்த பொங்கல் விழாவுக்கு வருவதில்லை. வென்றவர் அவரை அழைப்பதும் இல்லை. தேர்தல் முடிந்த மறுநாள் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். யார் முதலில் அழைப்பது என்பதுதான் கேள்வி. தோற்றவரே அழைக்கலாம் என்று வெயா செய்து காட்டியிருக்கிறார்.